சந்தேகத்துக்குரிய நாய்

ஏழாம் குகைக்காரர்கள் காலையில் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, பிடரியை நீட்ட மறப்பதில்லை. செவ்வாயின் தரைக்கடியில் ஓடும் குழாய்வண்டியில் ஏறுமுன், நிலையக் கூரையிலிருந்து ஐயுறியின் தும்பிக்கை இறங்கி ஒவ்வொருவரையும் முகரும். சந்தேகம் இல்லையென்றால் முதுகில் ஒரு தட்டு, போகலாம். ஐயுறி என்பது சந்தேகப்படுவதற்கென்றே செய்த பொறி. அதற்கு யாரும் சட்டப் புத்தகம் கொடுக்கவில்லை. பயணிகளின் படப்பதிவுகளை மலைமலையாகக் காட்டி, ‘மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள், மாறாக எது நடந்தாலும் விடாதே’ என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று அதன் முன் நின்றது ஒரு நாய். பெயர் சுண்டு. அதை வளர்க்கும் பொற்கொடிக்கு வலிப்பு வரப்போவதை வாசனையிலேயே கண்டுபிடித்து, முழங்காலில் மூக்கால் முட்டி அவளை உட்காரவைப்பது அதன் வேலை. வலிப்பைத் தடுக்கவென்று மூளையில் பொருத்தும் சில்லு உண்டு. பாதி ஊர் பொருத்தியிருக்கிறது. அவள் உடம்பு அதை ஏற்கவில்லை. சுண்டுவுக்கு வண்டியேறும் அனுமதி கிடைத்தால் அவள் காற்றுத் தோட்டத்து வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் வேலை வேறு யாருக்கோ போகும், அவள் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

வண்டி வந்தது. கூட்டம் பாய்ந்தது. சுண்டு, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு, வரிசை என்று ஒன்று இருப்பதாக நம்பி அதன் கடைசியில் நின்றது. ஒருவர் அதன் பாதத்தை மிதித்தார், குரைக்கவில்லை. சோதனைக்கென்று வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. தும்பிக்கை மூன்று முறை முகர்ந்துவிட்டுச் சிவப்பு விளக்கை எரியவிட்டது.

“என்ன சார் தப்பு பண்ணுச்சு?” என்றாள் பொற்கொடி.

நிலைய அலுவலர் ஜெபசிங் திரையைப் படித்தார். “தப்பு ஒண்ணும் பண்ணலம்மா. அதான் பிரச்சினையே. இவ்வளவு ஒழுங்கா இருக்குன்னா எதையோ மறைக்குதுன்னு ஐயுறி சொல்லுது.”

“நாய் என்னத்த சார் மறைக்கும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனா இங்க யாராச்சும் இப்படி நின்னு பாத்திருக்கீங்களா? எனக்கே இப்ப லேசா சந்தேகமாத்தான் இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் நம்ம ஜனங்களப் பாத்துப் பழகட்டும்.”

பொற்கொடிக்கு அழுகையாக வந்தது. என்ன செய்ய, பிழைப்பு ஆயிற்றே. தினமும் காலை நெரிசலில் சுண்டுவை அழைத்துப் போய்த் தடுப்புக்கு வெளியே உட்காரவைத்தாள்.

“அந்த நீலச்சட்டக்காரரப் பாருடா. எப்படி இடிச்சுட்டு ஏறுறாரு, பாத்தியா?”

சுண்டு முதலில் அவளைத்தான் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு புரிந்துகொண்டது. வீட்டு வாசலில் பக்கத்துக் குடித்தனக்காரர்களை நிறுத்திப் பழக்கினாள். இடித்தால் ஒரு பிஸ்கட், நாற்காலியைப் பிடித்தால் இரண்டு. கெட்டிக்கார நாய். அவள் சொல்லிக்கொடுத்ததோடு, சொல்லிக்கொடுக்காத சிலவற்றையும் தானாகவே பார்த்துவைத்துக்கொண்டது. வீட்டில் மட்டும் முழங்காலில் முட்டுவதை மறக்கவில்லை. அதனால் அவள் கவலைப்படவில்லை.

மறுசோதனையில் கதவு திறந்ததுதான் தாமதம், சுண்டு கால்களுக்கு நடுவே புகுந்தது. இறங்கியவர்களில் ஒருவரைச் சுவரோரம் தள்ளியது. நோயாளிகளுக்கென்று எழுதியிருந்த இருக்கையில் தாவி ஏறி, வாலைத் தொங்கவிட்டு நன்றாகப் பரப்பிக்கொண்டது. தும்பிக்கை கதவு வழியே நீண்டு வந்து, ஒரே ஒரு முறை முகர்ந்து முதுகில் தட்டியது. பச்சை.

“இப்பத்தாம்மா நம்ம ஊரு நாய் மாதிரி இருக்கு,” என்று ஜெபசிங் வெளியிலிருந்து கையசைத்தார்.

பொற்கொடியைக் கூட்டமே உள்ளே ஏற்றிவிட்டது. சுண்டுவின் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். மனம் லேசாகிவிட்டது. வண்டி வேகமெடுத்த கொஞ்ச நேரத்தில் அவள் நாக்கில் இரும்புச் சுவை தட்டியது. விரல்கள் மரத்தன.

“சுண்டு,” என்றாள்.

சுண்டுவுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூக்கு துடித்தது. இறங்குவதற்காக முன்னங்காலைக்கூட ஊன்றியது. பிறகு, இருக்கைகளில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தது. எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே, சுரங்கத்து இருட்டை, அங்கே ஏதோ இருப்பதுபோல் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுண்டுவும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பொற்கொடி தரையில் சரிந்தாள். அவள் விழுவதற்கு வசதியாக, பக்கத்தில் இருந்தவர்கள் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சுண்டு வாலை இழுத்துக்கொண்டது.