முந்தி வந்த கை

கை முதலில் படத்தில் ஆடியது. அதற்குப் பிறகுதான் அவள் அதை ஆட்டினாள்.

ட்ரோனைப் பூட்டி, கேமராவை வைத்து, பேட்டரியைச் செருகி, கேமராவின் படத்தைக் கண்ணுக்குள்ளேயே காட்டுகிற, முகத்தையே விழுங்கிவிடுகிற அந்தக் கறுப்புக் காகிள்ஸை மாட்டிக்கொண்டு, படம் வருகிறதா என்று கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்ப்பது இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் செய்வதுதான். கேமரா பார்த்தது காற்றில் ஏறிக் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு இமைப்பொழுதாவது பிந்தும். அவளுக்கு முந்தி வந்தது. அவள் கை இன்னும் மடியில், கழுத்துவாரில் தொங்கிய ரிமோட்டின் மேல் கிடக்கும்போதே, படத்தில் ஐந்து விரல்கள் எழுந்து, ஆடி, இறங்கிப் போயின.

கைபேசி பழுதுபார்க்கிற கடையில் காலையிலிருந்து கடுகுக்குக் காது குத்துகிற வேலை. கண் அசந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெளியே மழை, ஜன்னல் தகரத்தில் விட்டுவிட்டு விரல் தட்டுவதுபோல் பெய்துகொண்டிருந்தது. ட்ரோனின் கம்பியைப் பற்றவைத்த ஈயத்தின் வாடை கூடத்தை விட்டுப் போகவில்லை. விளக்குப் போடுகிற நேரமாகியும் அவள் மேஜை விளக்கை மட்டும்தான் போட்டிருந்தாள். அதன் வெளிச்சம் எட்டாத இடமெல்லாம் சமையலறை வாசல்வரை ஒரே மங்கல்.

கணவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். ட்ரோனுக்குக் கொசு என்று பெயர் வைத்தவன் அவன்தான். மேஜையைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து, மாவு அப்பிய கையைக் கேமராவுக்கு ஆட்டி, "கொசுவுக்கு டாட்டா" என்பான். நேற்று அப்படி ஆட்டியதில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. அவள் எரிந்து விழுந்தாள். இனிமேல் மேஜைப் பக்கமே வரக்கூடாது என்றாள். அவன் கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டான். காலையில் சாப்பிடாமலே போனான். அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இன்னொரு முறை பார்ப்போம் என்று மறுபடி காகிள்ஸுக்குள் போனாள். படத்தில் அவளுடைய கை வந்தது. ஆள்காட்டி விரலிலிருந்து மணிக்கட்டுவரை ரத்தம் ஒழுகியது.

கழற்றிப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று ட்ரோனைத் தூக்கித் திருப்பியபோது, சட்டத்தின் கார்பன் விளிம்பு பிளேடாய் விரலில் இறங்கியது. ரத்தம் ஒழுகி மணிக்கட்டுக்கு வந்தது. படத்தில் பார்த்த அதே கோட்டில் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அடுத்தது என்ன என்று தெரியாமல் இருப்பது, தெரிந்துகொள்வதைவிடப் பயமாக இருந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் முறை மாட்டினாள்.

தரை தெரிந்தது. கேமரா சாய்ந்து கிடந்தது. சாப்பாட்டு மேஜையின் கால். அதற்குப் பக்கத்தில் அவள் கணவன், ஒருக்களித்து, திறந்த கண்ணோடு. கழுத்தை ஒரு கை பொத்தியிருந்தது. விரலிடுக்கில் ரத்தம் வந்து தரையில் அகலமாகிக்கொண்டே போனது. இன்னொரு கை கேமராவை நோக்கி நீண்டு, மாவு படிந்து, வெள்ளையாக அசையாமல் கிடந்தது. படத்தின் இரண்டு ஓரங்களிலும் ட்ரோனின் றெக்கை முனைகள் சிவந்து தெரிந்தன. பிறகு இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. அவளுடைய கால்கள்.

காகிள்ஸைக் கழற்றியபோது நெற்றி வேர்த்திருந்தது. கூடம் காலி. தரை காய்ந்திருந்தது. ட்ரோன் மேஜைமேல் இருந்தது, றெக்கை இல்லாமல்.

றெக்கை இல்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் சோதிக்கும்போது றெக்கை மாட்டக்கூடாது என்பது அவள் மீறாத சட்டம். றெக்கை இல்லாத ட்ரோன் வெறும் பொம்மை, மோட்டார் சுற்றினாலும் ஈயைக்கூட விரட்டாது. கணவனுக்குப் போன் செய்தாள். பின்னால் மழையும் தெருச் சத்தமும் கேட்டன. எங்கே இருக்கிறீர்கள் என்றதற்குப் பதில் சொல்லாமல் அவன் சிரித்தான். நேற்றைய கோபம் போய்விட்டிருந்தது. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதல்ல லைட்டப் போடு" என்று வைத்துவிட்டான்.

அவள் லைட்டைப் போடவில்லை. அலமாரி மேலிருந்த தகர டப்பாவை இறக்கினாள். நான்கு கறுப்பு றெக்கைகளும் உள்ளே பத்திரமாக இருந்தன. வெட்டுக்குறட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் நகம் அளவுக்கு நறுக்கினாள். ஒவ்வொரு நறுக்குக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி எதை மாட்டிக்கொண்டு பறக்கும் இந்தக் கொசு? விதியையே நறுக்கிப் போட்டதாக நினைத்தாள் பாவம்.

மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே. ரிமோட்டை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள், அதன் சிக்னல் கிடைக்காவிட்டால் ட்ரோன் பீப் பீப் என்று கத்தும். காகிள்ஸின் கம்பி ரிமோட்டின் மேல் குறுக்காகக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

படத்தில் கூடம் தெரிந்தது. தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணவனின் முகம் வந்தது, மழையில் நனைந்து, முழுசாக, கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல். அவன் உதட்டில் விரலை வைத்தான். சிரித்தான். குனிந்து, மாவு படிந்த கையை ஆட்டினான்.

அவளுக்கு அழுகை வந்தது. பிழைத்துவிட்டான். இனிமேல் வருவான், வந்து இப்படித்தான் டாட்டா காட்டுவான். படம் எப்போதும் முந்தித்தானே வரும், அவன் வர இன்னும் நேரமிருக்கிறது என்று, காகிள்ஸுக்குள் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒரு முறை மட்டும் படம் நேரத்துக்கு வந்திருந்தது.

முதலில் வாசனை தெரிந்தது. நனைந்த சட்டை. புளித்த மாவு. பிறகு, மிகப் பக்கத்தில், திருகு இறுகுகிற சின்னச் சத்தம். ஒன்று. இன்னொன்று.

"கண்ணாடியக் கழட்டாத" என்றது அவன் குரல். "நேத்து கம்பிய அறுத்தேன்ல, அதுக்கு ஈடா. நாலு றெக்கையும் புதுசா வாங்கிட்டு வந்துட்டேன். சிவப்பு."

வினையை விலை கொடுத்து வாங்கி வந்திருந்தான்.

"ஏங்க, தள்ளிப் போங்க."

குதித்து எழுந்தாள். காகிள்ஸைப் பிய்த்து எறிந்தாள். கம்பி இழுபட்டது. ரிமோட்டில் மோட்டாரை ஓடவிடுகிற சுவிட்சை அது மேலே தட்டியது. வேகம் கூட்டுகிற குச்சியையும் சேர்த்து இழுத்தது.

கொசு எழுந்தது.

அலறல்கூட இல்லை. ஈரமான ஒரு சத்தம். நாற்காலி விழுந்தது. ஏதோ தரையில் மோதி, இரைந்து, நின்றது.

மழை.

அவள் நடந்தாள். வெறுங்காலில். மேஜைக்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தன. ஒருக்களித்த உடம்பு. திறந்த கண். வெள்ளைக் கை. மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. மறுபடி வைத்தாள். இல்லை.

தரையில் மல்லாந்து கிடந்த காகிள்ஸ் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு கண்ணாடிகளிலும் சின்னதாக இதே தரை. இதே அவன். கண்ணாடியில் அவன் கண் இமைக்கவில்லை. கழுத்து அசையவில்லை. நீண்டு கிடந்த கை மட்டும் மெல்ல எழுந்தது. கேமராவைப் பார்த்து ஆடியது.

அவள் கண்ணாடியிலிருந்து பார்வையைப் பிடுங்கி, நிஜக் கையைப் பார்த்தாள்.

அது தரையில்தான் கிடந்தது.

மழை நின்றது. அவள் நகரவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவிரல் முதலில் அசைந்தது.