சோளம் கருகுது, வெர்லா

வெர்லா மளிகைக்கடை வாசலில் காரை நிறுத்தியபோது பிற்பகல்தான். ஆனால் வடக்கு டக்கோட்டாவின் ஜனவரிக்குப் பிற்பகல் என்ன, அந்தி என்ன? வானம் அடுப்புச் சாம்பலாய்க் கிடந்தது. பனிப்புயல் வருகிறது என்று ரேடியோ காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. புத்தியுள்ளவர்கள் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் வீட்டை விட்டுக் கிளம்பி வந்திருந்தாள், ஒரு டிவிடிக்காக.

கடைக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். ஆள் வந்தால் தானே நகரும். குளிர்காற்று நேரே உள்ளே பாயாதபடி இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அங்கே தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது அந்தப் படப்பெட்டி. ஆள் உயரத்துக்கு ஒரு நீல இரும்பு அலமாரி. திரையைத் தொட்டுப் படத்தைச் சொல்லி, அட்டையைத் தேய்த்தால், ஒரு காபி விலைக்கு ஒரு நாள் வாடகையாக டிவிடி வந்து விழும். பார்த்து முடித்ததும் அதே துளையில் திணித்துவிட்டுப் போகலாம். ஆள் கிடையாது, பேச்சு கிடையாது. ஊரே அதை நம்பித்தான் குளிர்காலத்தை ஓட்டியது.

வினையும் அங்கேதான் இருந்தது. உறைமேல் ஒட்டிய பார்கோடைத்தான் அது பார்க்கும். உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. காலையில் வெர்லா திருப்பிக் கொடுத்த உறைக்குள் இருந்தது வாடகைப் படம் அல்ல.

ராய்ஸ்.

ராய்ஸ் அவள் புருஷன். போன குளிர்காலத்தில், வீட்டுக்கு ஒரு மைல் தூரத்தில், பனியில் புதைந்த பிக்கப் வண்டியின் கதவைத் திறக்க முடியாமல் உறைந்து செத்துப்போனான். அவன் குரல் மிச்சமிருந்தது ஒரே ஒரு டிவிடியில். ஜூலை வெயில், கொல்லைப்புறம், தணலில் சோளம் வாட்டுகிறான். வைக்கோல் கட்டும் இயந்திரம் பாதி தின்றுவிட்ட மோதிர விரலை ஆட்டி, "ஏய் வெர்லா, கேமராவக் கீழ வைடி. வா, வந்து சாப்பிடு. ஐயோ, சோளம் கருகுது!" என்பான். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் அந்த டிவிடி. தினமும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிடுவாள். இன்று மதியம் போட்டால், ராய்ஸுக்குப் பதில் எவனோ ஒரு நகைச்சுவை நடிகன் வந்து பல்லைக் காட்டினான். காலையில் உறைகளை மாற்றிப் போட்டிருக்கிறாள்.

கடைக்காரன் கோர்டி உள்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"ஏம்மா வெர்லா, மூளையும் உறைஞ்சிபோச்சா? இந்தப் புயல்ல சினிமா கேக்குதா உனக்கு?"

"ராய்ஸ இதுக்குள்ள போட்டுட்டேன் கோர்டி."

அவன் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. அந்த டிவிடியைப் பற்றி ஊருக்கே தெரியும்.

"மெஷின் சாவி கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. நீ அதே படத்தத் திரும்ப வாடகைக்கு எடு, வெளிய வந்துடும். நான் பின்பக்கமா போறேன். வெளிக்கதவு தானா திறக்கும். எடுத்த உடனே கெளம்பிடு, ஆமா."

உள்ளே விளக்குகள் அணைந்தன. வெர்லா திரையைத் தொட்டாள். அலமாரிக்குள் தட்டுகள் சுழலும் கரகரப்பு கேட்டது. துளையில் உறையின் நுனி எட்டிப் பார்த்தது. அவள் உயிர் திரும்பி வந்தது.

அப்போது மின்சாரம் போனது.

தெருவிளக்குகள், எதிரே பெட்ரோல் நிலையம், கடைக்குள் குளிர்பெட்டிகளின் முனகல் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. வெர்லா வெளிக்கதவுக்கு ஓடினாள். அது நகரவில்லை. தோளால் முட்டினாள். வெளியே புயல் இறங்கியிருந்தது; காற்று வாரிக் கொட்டிய பனி கதவடியில் முழங்கால் உயரத்துக்கு அணைகட்டியிருந்தது. உள்கதவில் பூட்டு. போன் காரில் கிடந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் காரையே காணோம், வெள்ளை மட்டும்தான்.

திரும்பினாள்.

பெட்டியின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஊரே இருண்டிருக்க இது மட்டும் எப்படி? யோசிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. டிவிடி கிடைத்தால் போதும். உறையின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ பதிலுக்கு இழுத்தார்கள்.

விருட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். தீய்ந்த சோளத்தின் வாசனை மெல்லக் கிளம்பியது. இரும்புக்குள்ளிருந்து, தூரத்தில் பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது.

"ஏய் வெர்லா, கேமராவக் கீழ வைடி."

அந்தப் பெட்டிக்குப் பேசத் தெரியாது. அதில் ஒலிபெருக்கியே கிடையாது.

"வா, வந்து சாப்பிடு. ஐயோ, சோளம் கருகுது!"

அப்புறம் அந்தச் சிரிப்பு. வெர்லா நெற்றியை இரும்பில் சாய்த்து அழுதாள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், குரல் தொலையவில்லையே, அது போதும். மறுபடியும் அதே பேச்சு, அதே வரிசை. அடுத்த சொல் என்ன என்று அவளுக்குத் தெரியும். கூடவே முணுமுணுத்தாள். சிரிப்பு முடிந்தது. அதோடு தீர்ந்துவிட வேண்டும்.

தீரவில்லை.

"குளிருது, வெர்லா."

டிவிடியில் அப்படி ஒரு பேச்சே இல்லை.

"கதவு வர மாட்டேங்குது. நீ திறடி."

தட். தட். உள்ளேயிருந்து இரும்பைத் தட்டினார்கள்.

"ராய்ஸ்?" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தட். தட். தட்.

பெட்டியின் கதவிடுக்கில் விரலைக் கொடுத்துப் பிய்த்தாள். நகம் கிழிந்தது. தள்ளுவண்டியைக் கொண்டு மோதினாள். அவனுக்கும் கதவு திறக்கவில்லை, அவளுக்கும் திறக்கவில்லை. போன வருஷம் அந்த வண்டிக்குள் இப்படித்தான் தட்டியிருப்பான், கேட்க ஒரு நாதி இல்லாமல். "இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்," என்று அவள் கதறினாள். தட்டும் சத்தம் வலுவிழந்து, சுரண்டலாகி, நின்றது. பெட்டியடியில் சரிந்து உட்கார்ந்தவள் மடியில் உறை மட்டும் துளையிலிருந்து நழுவி விழுந்தது.

கோர்டி பனி தள்ளும் வண்டியோடு வந்து கதவை நெம்பியபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"உன் வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கல. அப்பவே எனக்கு உதறிடுச்சு."

"அவரு உள்ள இருக்காரு கோர்டி. திறந்துவிடு."

"அதான் டிவிடி உன் கையில இருக்கே, வெர்லா. வா, வீட்டுக்குப் போலாம்."

மறுநாள் மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக டிவிடியைப் போட்டாள். ஜூலை வெயில். கொல்லைப்புறம். தணல்மேல் சோளம். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சிரிப்பு.

அடுப்பருகே யாரும் இல்லை.

திருப்பிப் போட ஆளில்லாமல் சோளம் கருத்துக்கொண்டே போனது. அவன் குரலும் இல்லை. அவள் திரையைத் தடவிப் பார்த்தாள். போன் அடித்தது, கோர்டி.

"உடம்பு எப்படி இருக்கு? கம்பெனிக்காரன் வந்து மெஷின லாரில ஏத்திட்டான். நனைஞ்சு கெட்டுப்போச்சாம். இப்ப யாரு டிவிடி பாக்குறா? பழைய இரும்புக்கு நசுக்கப் போறாங்களாம்."

"லாரி எங்க?"

"இப்பதான் போகுது. உன் வீட்டு ரோடுதான். நெடுஞ்சாலைக்கு வேற வழி ஏது?"

செருப்பில்லாமல் காலுறையோடு ஓடினாள். சாலை நடுவே நின்று இரண்டு கையையும் வீசினாள். "நிறுத்து! நிறுத்துப்பா!"

அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிர்ப்படும் யாருக்கும் வண்டிக்காரன் ஒரு விரல் தூக்கி வணக்கம் சொல்லாமல் போகமாட்டான். இந்த டிரைவரும் மரியாதை தெரிந்தவன். அவளைச் சுற்றி ஒதுக்கி ஓட்டியபடி, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிப் புன்னகைத்துவிட்டுப் போனான்.

லாரியின் பின்தட்டில் பெட்டி கயிற்றால் கட்டுண்டு நின்றது. அதன் மின்கம்பி அறுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் ஓர் உள்ளங்கை அழுந்தியிருந்தது. அதில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.