இரட்டை மணி

டிரைவர் வீட்டு வாசலில் மெக்கானிக் வண்டியை நிறுத்தியபோது வெயில் தணிந்திருந்தது. அந்தத் தெருவுக்கு அதுதான் கடைசி வீடு. பின்னால் பஸ் டிப்போவின் மதில். மதிலுக்கு அப்பால் யாரோ ஒரு இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் டீசல் வாடையை விட்டுப் போக மனம் வராமல் டிரைவர் அங்கேயே தங்கிவிட்டதாகத் தெருவில் கேலி பேசுவார்கள்.

மெக்கானிக்குக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், மெஷினுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். அவனைப் பொறுத்தவரை பேய் என்று ஒன்று கிடையாது. அப்டேட் செய்யாத பழைய வெர்ஷன்தான் உண்டு.

இந்த வேலையைக் கொடுத்தது டிரைவரின் மகன். போனில் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அப்பா ஒரு ஆன்லைன் கேம் ஆடுவார் அண்ணே. அதுல என் தங்கச்சி எழுதிக் குடுத்தது ஏதோ ரிப்பேராம். நீங்க போய்ப் பாருங்க. பாத்துட்டு, சரி பண்ண முடியாதுன்னு சொல்லிடுங்க."

"ஏன் தம்பி?"

"தங்கச்சி தவறிப்போய் வருஷம் ஆகப்போகுது. எங்ககூட வந்து இருங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன். அந்த மெஷினை விட்டு நகர மாட்டேங்கறார். அது போனாத்தான் அவர் பிழைப்பார்."

கதவைத் திறந்த டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார், டியூட்டிக்குக் கிளம்புகிறவரைப் போல. கூடத்தில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப், பக்கத்தில் ஜிப் போட்டு மூடிய பயணப் பை. மேசையை ஒட்டிய அறை சாத்தியிருந்தது. அதன் கதவிடுக்கில் தூசு படிந்திருந்தது.

"ஊருக்குக் கிளம்பறீங்களாய்யா?"

"பையன் வீட்டுக்குத்தான். எல்லாம் எடுத்து வெச்சாச்சு. மணி அடிச்சதும் கிளம்ப வேண்டியதுதான்."

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பாப்பா வெளிநாட்டு வேலைக்குப் போனதும் போன்ல பேச என்ன இருக்கு தம்பி? சாப்டியா, தூங்கினியா, அதோட முடிஞ்சுது. அதனால என்னை இதுல சேத்துவிட்டா. சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா சுத்துவோம். எனக்கு டிரைவர்னு பேர். அவ கண்டக்டர்."

பணியில் இருந்தவரை ஒரு முறைகூட வழி தவறாத மனிதர், அந்த விளையாட்டில் மரத்துக்கு மரம் தொலைந்துபோனார். அங்கே காட்டிய வரைபடம் அவர் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. மகள் பார்த்தாள், அவருக்கென்று ஒரு ஆட்-ஆன் எழுதிவிட்டாள். விளையாட்டின் திரைமேல் நாமே ஒட்டிக்கொள்ளும் கூடுதல் பாகத்துக்குத்தான் அந்தப் பெயர். அவள் எழுதியதில் இரண்டே விஷயங்கள். பெரிய சிவப்பு அம்பு ஒன்று, அவள் எங்கே நிற்கிறாள் என்று காட்டும். அப்புறம் ஒரு மணி. பஸ்ஸில் இருப்பதுபோலவே ஒற்றை மணி என்றால் நில், இரட்டை மணி என்றால் கிளம்பு.

"கடைசியா ஒரு பாலத்து மேல நின்னுக்கிட்டிருந்தோம். ஒத்தை மணி அடிச்சா. 'அப்பா, தலை வலிக்குது, கொஞ்சம் படுத்துட்டு வர்றேன், அங்கயே நில்லுங்க'ன்னா. நின்னேன்."

படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுடைய துணிமணியும் லேப்டாப்பும் ஒரு அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் அறையில் வைத்துக் கதவைச் சாத்தியதோடு சரி.

"இரட்டை மணி வராம வண்டியை எடுத்தா அது டிரைவர் தப்பு தம்பி. நான் ஒரு நாளும் எடுத்ததில்ல. இப்ப கேமுக்கு ஏதோ அப்டேட் வந்ததுலேர்ந்து மணிச் சத்தமே இல்ல. அம்பும் கன்னாபின்னான்னு சுத்துது. அவ இரட்டை மணி குடுத்திருந்தா எனக்குக் கேட்டிருக்காது இல்ல?"

முடியாது என்று சொல்லிவிட்டுப் போக வந்தவன், "பாக்கறேன்யா" என்றான்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு ஒரு முறை இருக்கிறது. அப்டேட் வந்தால் பழைய ஆட்-ஆன்களை விளையாட்டு ஒதுக்கிவிடும்; பழசையும் ஓட்டு என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எதைப் போட்டதும் கோளாறு தலைகாட்டுகிறதோ அதுதான் கள்ளன். மெக்கானிக் அத்தனையையும் அணைத்துவிட்டு விளையாட்டைத் திறந்தான். பாலத்தின் மேல் காக்கிச் சட்டை பொம்மை மனிதன் ஒருவன் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

அம்பு இருந்தது.

வெளியே வந்து பட்டியலைப் பார்த்தான். ஒன்றிலும் டிக் இல்லை. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டான்.

அம்பு இருந்தது. இடப்பக்கம் காட்டியது.

பழைய படம் ஏதோ திரையில் தங்கிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சார்ஜர் வயர் எட்டாததால் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான்.

அம்பும் திரும்பியது.

கை நின்றுவிட்டது. மெஷின் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த மெஷினுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அதில் ஒரு பாகமும் இல்லை. அவன் மெதுவாக லேப்டாப்பை மறுபக்கம் திருப்பினான். அம்பு திரைக்குள் நகர்ந்து நகர்ந்து, பழைய இடத்தையே காட்டி நின்றது.

சாத்தியிருந்த அறைக்கதவை.

டிரைவர் அவன் காதருகே குனிந்தார். "உங்களுக்கும் தெரியுதா தம்பி?"

அவன் தலையாட்டினான்.

"நல்லவேளை. எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு பையன் பயப்படறான்."

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அந்த முதியவர் முகத்தில் அத்தனை நிம்மதி. பயந்த கை தெரிந்த வேலையைத் தேடும். மெக்கானிக் அவள் எழுதிய கோப்பைத் திறந்தான். வரிகளுக்கு நடுவே தனக்கென்று அவள் எழுதிக்கொண்ட குறிப்புகள் கிடந்தன. 'அப்பா கண்ணாடியை மறந்துடுவார். எழுத்து பெரிசா இருக்கட்டும்.' கொஞ்சம் கீழே, 'நான் அவர் பக்கத்துல வந்தா மட்டும் அம்பு மறையணும். வேற எதுக்கும் மறையக் கூடாது. பயந்துடுவார்.'

அவனுக்குக் கண் கரித்தது. மணியின் கோளாறு ஒற்றை வரியில்தான் இருந்தது. சத்தக் கோப்பை அழைக்கும் முறையை அப்டேட்டில் மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அதைத் திருத்தி ஆட்-ஆனைப் போட்டான். இனி சோதித்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக்கு ஒரு கட்டளை, இரட்டைக்கு ஒரு கட்டளை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இவர் காத்திருப்பது இரட்டை மணிக்காக. அது அடித்துவிட்டால் பையை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போவார், பேரப்பிள்ளைகளோடு இருப்பார். யார் அடித்தால் என்ன? பொய்தான், ஆனாலும் புண்ணியம் சேர்க்கிற பொய். மெக்கானிக் இரட்டை மணிக்கான கட்டளையைத் தட்டினான்.

மணி இரண்டு முறை அடித்தது.

டிரைவர் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பையின் பிடியைப் பற்றினார். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர்போல் அவர் முதுகு நிமிர்ந்தது.

அப்போது ஒற்றை மணி கேட்டது.

லேப்டாப்பிலிருந்து அல்ல.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து.

கதவின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று ஊர்ந்து வந்தது. அதோடு ஒரு வாடை வந்தது, தலைவலித் தைல வாடை. யாரோ இப்போதுதான் நெற்றியில் தேய்த்துக்கொண்டு படுத்ததுபோல் அது பச்சையாக இருந்தது. மதிலுக்கு அப்பால் இன்ஜின் சத்தம் எப்போது நின்றது என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

டிரைவர் பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார்.

"ஐயா, அந்த இரட்டை மணி நான்தான்..."

"தெரியும் தம்பி. அவ அடிச்சா ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இழுப்பா. என்னைச் சீண்டறதுக்கு. தெரிஞ்சும் எழுந்துட்டேன்." டிரைவர் இரண்டு முழங்கால்களையும் தடவிக்கொண்டார். "நின்னு நின்னு கால் கடுக்குது தம்பி."

தெருமுனைக்கு வந்த பிறகுதான் மெக்கானிக்குக்கு மூச்சு சீரானது. அங்கே நின்றபடியே மகனைக் கூப்பிட்டான்.

"சரியாயிடுச்சு தம்பி."

"உங்களை என்ன சொல்லச் சொன்னேன் அண்ணே?"

"அப்பாவைக் கிளம்பச் சொல்லாதீங்க. அவரால முடியாது. நீங்க வந்து கொஞ்ச நாள் அவர்கூட இருங்க."

"லீவு கிடைக்கட்டும், பாக்கறேன்" என்று மகன் போனை வைத்தான்.

லீவு கிடைத்தது. ஆனால் அது எதற்கென்று கிடைத்ததோ, அதை அவனே கடைக்கு வந்து சொன்னான். வெளியே நல்ல வெயில். மழிக்காத முகத்தோடு மேசைமேல் அந்த லேப்டாப்பை வைத்தான்.

"நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டார் அண்ணே. செருப்பு போட்டிருந்தார். பை மடியில இருந்துச்சு. கிளம்பற மாதிரியே." லேப்டாப்பை மெக்கானிக் பக்கம் நகர்த்தினான். "நான் முன்னாடியே வந்திருக்கணும். இதுல இருக்கறதெல்லாம் அழிச்சுக் குடுங்க. யாராவது படிக்கிற பிள்ளைக்குக் குடுத்துடலாம்."

அழிப்பதற்கு முன்னால் விளையாட்டின் கணக்கிலிருந்து வெளியே வர வேண்டும். மெக்கானிக் அதைத் திறந்தான். பாலம் வந்தது. காக்கிச் சட்டைக்காரன் அதே இடத்தில், அதே திசை பார்த்து நின்றுகொண்டிருந்தான். வெளியேறு என்ற பொத்தானுக்கு மெக்கானிக்கின் விரல் போனது.

மணி அடித்தது.

ஒரு இழுப்பு இழுத்து, இன்னொரு முறை அடித்தது.

மகன் முகம் வெளுத்துவிட்டது. "பாப்பா" என்றான். சிறு பிள்ளைபோல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மெக்கானிக் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டான். யாரும் எதையும் தொடவில்லை. திரையில் காக்கிச் சட்டைக்காரன் திரும்பி, பாலத்தின் மறுகரையை நோக்கி நடக்கத் தொடங்கினான். அவசரமில்லாத நடை, கூட வருகிறவருக்கு ஈடுகொடுத்து நடக்கிற நடை. கடைக்குள் லேசாகத் தைல வாடை அடித்தது.

அப்போதுதான் மெக்கானிக் கவனித்தான். சிவப்பு அம்பைக் காணோம். பழக்கதோஷம், பட்டியலைத் திறந்து பார்த்தான். அவள் எழுதிய ஆட்-ஆனில் டிக் இருந்தது. பிழை என்று எதுவும் காட்டவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்பு மறைய அவள் ஒரே ஒரு காரணத்தைத்தான் எழுதி வைத்திருந்தாள்.