எதிரிணை

காலைச் சங்கு ஊதியதும் வளையூரின் நாலாயிரம் பேரும் ஒரே நொடியில் கட்டிலை விட்டு இறங்கினார்கள். ஜெசிந்தா குளியலறைக்கு நான்கு அடி நடந்தால், முக்கால் கிலோமீட்டர் தள்ளி வளையத்தின் நேர் எதிர்ப்புறத்தில் யாசினும் நான்கு அடி நடப்பார். அவர் அவளுடைய எதிரிணை. இருவருக்கும் எடை அறுபத்தொரு கிலோ. அவள் மகள் மின்னுவை இடுப்பில் தூக்கும்போது அவர் பன்னிரண்டு கிலோ மணல் மூட்டையைத் தூக்கிக்கொள்வார்.

விண்வெளியில் சுழலும் அந்த ஊர் ஒரு வெற்று வளையம். அரைச்சுற்று திருப்பினாலும் முன்பிருந்ததைப் போலவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சுழற்சி தள்ளாடி உலோகத்தோல் கிழிந்துவிடும். பேசத் தொடங்கும் முன்பே குழந்தைகளுக்கு இந்தப் பயம் தெரியும்.

அன்று நண்பகலில் மின்னுவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மருத்துவமனை நானூறு மீட்டர் தொலைவில். ஜெசிந்தா யாசினை அழைக்கும் எதிரிணை மணியை அழுத்தினாள். அவர் பதில் தந்தால் பச்சையாகும் விளக்கு சிவப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். யாசின் எங்கே போய்த் தொலைந்தார்? குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

அவள் ஓடினாள்.

தரை ஆடுவதுபோல் இருந்தது. ஆடியது தன் கால்களா, வளையமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுகளுக்குப் பின்னாலிருந்து அலறினார்கள்.

“நில்லுடி! எல்லாரையும் கொல்லப் போறியா?”

குழந்தை பிழைத்தது. சற்று நேரத்தில் சுழற்சிப் பொறியாளர் தங்கராசு வந்தார். ஜெசிந்தா கைகூப்பினாள்.

“என்ன தண்டனைன்னாலும் குடுங்க சார். வளையம் தாங்குமா?”

அவர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “ஒண்ணும் ஆகாதும்மா. தரைக்கு அடியில தொட்டி இருக்கு. ஒரு பக்கம் கனத்தா தண்ணி தானா மறுபக்கம் போயிடும். முப்பது வருஷமா அப்படித்தான் ஓடுது.”

“அப்ப சங்கு எதுக்கு?”

“நிறுத்திப் பாத்தோம். ஜனங்க மூணு நாள் கட்டில்லேருந்து எறங்கவே இல்ல. திரும்ப ஊதினப்புறம்தான் எந்திரிச்சு சாப்பிட்டாங்க.”

ஒரு வாரம் கழித்துச் சரக்குக் கப்பலொன்று வளையத்தின் அச்சில் முரட்டுத்தனமாக வந்து ஒட்டியது. ஊர் லேசாக அதிர்ந்தது. யார் வீட்டிலோ கண்ணாடித் தம்ளர் உடைந்தது. அவ்வளவுதான். ஆனால் ஜெசிந்தாவின் வாசலில் இருநூறு பேர் திரண்டார்கள், தங்கள் எதிரிணைகளோடு முறைப்படி நேரம் குறித்துக்கொண்டு.

“நீ ஓடினதுதான் காரணம்.”

“அடியில தண்ணித் தொட்டி இருக்கு, அதுவே பாத்துக்கும்னு...” என்று தொடங்கினாள். யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு கிழவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள்ளும் பழைய பயம் திரும்பியது. ஒருவேளை தண்ணீரும் ஒருநாள் தாமதித்தால்? தங்கராசு ஆறுதலுக்காகச் சொல்லியிருந்தால்?

மறுநாள் ஊர்மன்றத்தில் அவளே எழுந்து நின்றாள். எதிரிணை பதில் தராதவரை திறக்காத பூட்டுகளை எல்லா வீட்டுக் கதவுகளிலும் பொருத்த வேண்டும் என்று முன்மொழிந்தாள். எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை. உண்மை தெரிந்த தங்கராசுவும் கையைத் தூக்கவில்லை.

முதல் பூட்டைத் தன் வீட்டுக்கே கேட்டு வாங்கினாள். அது பூட்டிக்கொண்ட பிறகு, பல நாளில் முதல்முறையாக, மின்னுவை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சுவிட்டாள்.