ஏழாவது கரடி

செல்போன் அலறியது.

மண்டபத்து மேக்கப் அறையில், மகளின் தலையில் ஜரிகைக் கிரீடத்தை மாட்டிக்கொண்டிருந்தவள் இடது கையால் எடுத்தாள்.

"என் பொண்ணுக்கு எட்டு வயசா? காலம் என்னமா ஓடுது..."

கிரீடம் நழுவியது.

அவன்தான். மூன்று நாளைக்கு முன்னால் ஜெயிலிலிருந்து தப்பியவன். போலிச் சான்றிதழ் அச்சடிப்பதில் மன்னன். அவளுடைய கணவன்.

"எங்கே இருக்கீங்க?"

"உள்ளேதான். கேக் வெட்டினதும் பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். வாசக் கதவைப் பூட்டினாலோ, விருந்தாளிங்களை வெளியே அனுப்பினாலோ... என் கையில கத்தி இருக்கு. சுத்தி நிறைய குழந்தைங்களும் இருக்கு."

லைன் கட்டானது.

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்பா இல்லாத குறை தெரியக் கூடாதென்று வருஷத்துக்கு வருஷம் ஆடம்பரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாள். இந்த வருஷம் நாலடுக்கு கேக், மேஜிக் ஷோ, ஆடுகிற கரடிகள், இருநூறு பேர். அந்தக் கூட்டமே அவனுக்கு வசதியாகப் போய்விட்டது. தன் கையாலேயே தனக்குப் பொறி வைத்துக்கொண்டது போலிருந்தது அவளுக்கு.

கதவு தட்டப்பட்டது. இரண்டு பேர். ஒருவர் ஐஸ்கிரீம்காரர் உடையில் தன் ஆட்களோடு காலையிலிருந்து அவனுக்காகக் காத்திருந்த இன்ஸ்பெக்டர். மற்றவர் கரடி வேஷ ஆட்களை அனுப்பியிருந்த காண்ட்ராக்டர். அவர் முகம் வெளிறியிருந்தது.

"மேடம்... நான் அனுப்பினது ஆறு கரடி. அங்கே ஏழு ஆடுது. வேன்ல வெச்சிருந்த ஸ்பேர் டிரஸ்ஸைக் காணோம்."

போனில் வந்ததை அவள் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்தார். "ஏழும் ஒரே அச்சு. ஒவ்வொரு தலையா கழட்டினா, ரெண்டாவதைத் தொடறதுக்குள்ள அவன் ஒரு குழந்தையைப் பிடிச்சிடுவான். எது அவன்னு மட்டும் தெரிஞ்சா போதும்... ஒரே அமுக்கு."

"பேச்சு குடுத்துப் பாக்கலாமா?"

"கரடி பேசக் கூடாதுங்க," என்றார் காண்ட்ராக்டர். "குழந்தைங்க பயந்துடும்னு எங்க தொழில்ல அது கண்டிஷன். எங்க ஆளுங்களுக்குக் குழந்தை பேரு, வயசு எல்லாம் மனப்பாடமா தெரியும். ஆனா வாயைத் திறக்க மாட்டாங்க."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"வயசு தெரியுமா?"

"தெரியாம அனுப்புவேனா?"

"சார், பலூன்காரர்கிட்ட சொல்லுங்க. வயசு போட்ட நம்பர் பலூனை மேடையில மாட்டவே வேண்டாம். கேக் மேல நம்பர் மெழுகுவத்தியும் வேண்டாம்."

"எதுக்கு?"

"விளக்கிட்டிருக்க நேரமில்ல சார். உங்க ஆளுங்களைக் கரடிங்களுக்குப் பின்னால நிக்க வைங்க."

மேடை. கேக் மேஜைக்குப் பின்னால் மகளை இறுக அணைத்தபடி அவள் மைக்கைப் பிடித்தாள். எதிரே வரிசையாக ஏழு கரடிகள். அதில் ஒன்று தன்னையே பார்க்கிறது என்று தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

"கரடிகளா... பாப்பாவுக்கு எத்தனை வயசோ, அத்தனை தடவை குதிங்க பாக்கலாம்!"

குழந்தைகள் கைதட்டின.

தொம்.

தொம்.

தொம்... தொம்...

ஐந்து. ஆறு. ஏழு.

ஆறு கரடிகள் நின்றன.

ஒரே ஒரு கரடி மட்டும் எட்டாவது தடவையாகக் குதித்தது.

தொம்!

கால் தரையைத் தொட்டதுமே நாலு ஐஸ்கிரீம்காரர்கள் அதன் மேல் விழுந்தார்கள். கத்தி வழுக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போனது. கரடித் தலையைக் கழற்றினார்கள். உள்ளே வியர்வையில் நனைந்த முகம்... அவன்.

"எட்டுதானே? சர்டிபிகேட்ல அப்படித்தானே இருக்கு?"

"அது ஸ்கூல்ல சீக்கிரம் சேர்க்கணும்னு ஒரு வயசு கூட்டி நீங்களே அடிச்ச சர்டிபிகேட்." அவள் குரல் உடைந்தது. "கூலிக்கு வந்த ஆறு பேருக்கு அவளோட வயசு தெரியுது. பெத்த அப்பாவுக்குத் தெரியல."

மகள் அம்மாவின் புடவையை இழுத்தாள். "அம்மா, அந்தக் கரடிக்குக் கணக்கு வராதா?"



இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"ஊருக்கெல்லாம் கரடி விட்டே, சரி... நீ விட்ட கரடியை நீயேவா நம்புவே?"