கதையில் முகூர்த்தம் குறித்தார்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கதையில் முகூர்த்தம் குறித்தார்கள்.

சுகன்யாவின் கை பனியனின் தோள் தையலில் நின்றது. எதிரே தாரணியின் கையும் நின்றது. செக்கிங் மேசையில் இருவருக்கும் நடுவே இன்னும் பார்க்காத பனியன்கள் குவிந்திருந்தன.

"அக்கா, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"மண்டபம்கூடப் பேசிட்டாங்க."

"கேட்டேன்னு சொன்னேன்ல."

செவிமணி வந்து இருபது வருடங்கள் ஆகியிருந்தன. பட்டாணி அளவு. காதுக்குள் இருந்தபடி கதை சொல்லும், நாடியையும் பார்க்கும். கதையைப் புனைவது கதைப்பொறி. நாடி ஏறும் இடத்தை அது நீட்டும். இறங்கும் இடத்தை விட்டுவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு காதல் கதை. ஒருவர் கதை இன்னொருவருக்குக் கிடைக்காது.

பொறிக்குக் கொடுத்த கட்டளைகள் இரண்டு. கேட்பவரை இழக்காதே. கதையைப் பாதியில் விடாதே. கல்யாணம் ஆனதும் கேட்பவர்கள் போய்விடுகிறார்கள் என்று அது முதல் வருடமே கற்றுக்கொண்டது. அதன்பின் கதைகளில் கல்யாணங்கள் நின்றன. யாரோ விமானம் ஏறினார்கள். யாருக்கோ நினைவு தப்பியது. கேட்பவர் சாகப்போகிறார், எப்படியும் இழக்கப்போகிறோம் என்று நாடி காட்டும்போது மட்டும் பொறி இரண்டாவது கட்டளைக்கு வந்தது. கதையை முடித்துவைத்தது.

இதை முதலில் கவனித்தவர்கள் மருத்துவமனை நர்ஸுகள். பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது பஸ் நிறுத்தத்தில் நலம் விசாரிப்பவர்கள், "கதையில என்ன விசேஷம்?" என்றுதான் கேட்டார்கள். "சண்டைங்க, பேச்சுவார்த்தையே இல்லை" என்று பதில் வந்தால் நிம்மதி. காதலர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்றால் வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போனது.

சுகன்யாவும் தாரணியும் ஒரே கதையைக் கேட்டார்கள். கம்பெனி விதிதான் காரணம். தீ விபத்துச் சங்கு கேட்க ஒரு காது திறந்திருக்க வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன் சுகன்யா இடது காதில் ஒரு மணியைப் போட்டுக்கொண்டாள். மற்றது மேசைமேல் சும்மா கிடந்தது. எதிரே புதிதாகச் சேர்ந்த தாரணி அதை எடுத்து வலது காதில் போட்டுக்கொண்டாள். கேட்கவில்லை. சுகன்யா அடுத்த பனியனைப் பிரித்தாள்.

கதையில் யாமினிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பிரபு, மாட்டு டாக்டர். இன்னொருவன் சேந்தன், நூறு வருடங்களுக்கு முன் அணையில் மூழ்கியவன், மதகுக்குள் ஆவியாக இருப்பவன். சுகன்யாவுக்குப் பிரபு. தாரணிக்குச் சேந்தன்.

"மாட்டைத் தொட்ட கையில அவளைத் தொடறான், உங்காளு" என்பாள் தாரணி.

"உன்னாளுக்குக் கையே இல்லையே புள்ள. எதுல தாலி கட்டுவான்?"

பொறிக்கு இரண்டு நாடிகளும் கிடைத்தன. பிரபு வரும்போது ஒன்று ஏறியது. சேந்தன் வரும்போது மற்றது ஏறியது. அதனால் யாமினி பதினோரு வருடங்களாக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பத்தரைக்கு டீ வந்தது. இருவரும் மணியைக் கழற்றவில்லை. காதுக்குள் யாமினிக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு?" என்றாள் சுகன்யா.

தாரணி டீயைக் குடிக்கவில்லை. "அக்கா, உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்கல்ல?"

கேட்ட பிறகுதான் அதில் இருந்த ஆசை அவளுக்கே தெரிந்தது. சுகன்யாவுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"இருக்குது" என்றாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "உனக்கும்தான் போன மாசம் படி ஏறறப்ப மூச்சு வாங்குச்சு" என்றாள்.

டாக்டர் இருவரையும் ஒரே நாளில் பார்த்தார். ரத்தம், நெஞ்சுப் படம், எல்லாம் சரியாக இருந்தன. "எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சுருது" என்றார். வைட்டமின் எழுதிக்கொடுத்தார்.

தனியாகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். கல்யாணம் யாருக்குத் தொடர்கிறதோ அவள்தான். சண்டை வந்தால் அவள் இல்லை. வியாழக்கிழமை மாலை சுகன்யா வீட்டில் இரண்டு மணிகளையும் போட்டுக்கொண்டாள். யாமினி வரவில்லை. "புதிய நாடி. நல்வரவு. அத்தியாயம் ஒன்று" என்றது பொறி. யாரோ ஒரு பெண் ரயிலிலிருந்து இறங்கினாள்.

மறுநாள் சொன்னபோது தாரணி நம்பவில்லை.

"சண்டைதான் வந்திருக்கும். எனக்காக மறைக்கிறீங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

"எங்கிட்டப் பொய் சொல்லாதீங்கக்கா."

அன்று மாலை தாரணி மணிகளைக் கொண்டுபோய்க் கேட்டாள். அவளுக்கும் அத்தியாயம் ஒன்று. அவள் சொன்னபோது சுகன்யா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழுது பார்க்கும் கடைக்குப் போனார்கள். இம்தியாஸ் என்பவர் மணிகளைத் திரையில் இணைத்தார். இரண்டு கோடுகள் ஓடின.

"இதை ரெண்டு பேரா கேட்டீங்க?"

"ஆமாங்க."

அவர் சிரித்தார். "இது உங்களை ஒரே ஆளுன்னு நெனச்சுட்டு இருந்திருக்குதுங்க. ஒரே இதயம், கொஞ்சம் கோளாறான இதயம். இத்தனை வருஷம் முன்னப்பின்ன ஏறுனாலும் ரெண்டு கோடும் ஒன்னையொட்டி ஒன்னு போயிருக்குது. எட்டு மாசமாத்தான் பிரியுது. ஆளு போகப்போறாங்கன்னு முடிவு பண்ணிருச்சு."

"அப்ப எங்களுக்கு?"

"உங்க ரெண்டு பேருக்கும் ஒன்னுமில்லைங்க."

தாரணி மேசையை ஓங்கித் தட்டினாள். சுகன்யா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

"பிரிஞ்சதுலயே மோசம் இந்தச் செவ்வாய்க்கிழமைதான்" என்றார் இம்தியாஸ், இன்னும் திரையைப் பார்த்தபடி. "பத்தரைக்கு மேல. ரெண்டு நாடியும் பயத்துல எகிறி நிக்குது. அப்புறம் பாருங்க, வலது பக்கம் டக்குன்னு அமைதியாயிருச்சு. கொஞ்ச நேரத்துல இடது பக்கமும். ஏதாச்சும் நல்ல சேதி வந்துச்சுங்களா?"

சுகன்யா தாரணியின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"கல்யாணத்தை நிறுத்த முடியுங்களா?" என்று கேட்டாள் சுகன்யா.

"ரெண்டும் மறுபடி ஒன்னையொட்டிப் போச்சுன்னா அதுவே நிறுத்திரும்."

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. தாரணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "சும்மா வாய்ல வந்துருச்சுக்கா" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று சுகன்யா கேட்கவில்லை. "எனக்கும்தான்" என்றாள்.

திங்கட்கிழமை மணிகளைப் போட்டுக்கொண்டார்கள். இடது, வலது. மேசையில் பனியன்கள் வந்து விழுந்தன. ஓட்டை இருப்பதை ஒரு பக்கம், இல்லாததை ஒரு பக்கம் போட்டார்கள். கதையில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. சுகன்யா பழைய இடங்களை நினைக்கப் பார்த்தாள். மதகில் முதன்முதலாக விளக்கு எரிந்த அன்று இருவரும் துணியை விட்டுவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டது. அதை நினைத்ததும் செவ்வாய்க்கிழமை டீ ஞாபகம் வந்தது. தாரணி அவளைப் பார்த்தாள். நாடியைப் பார்ப்பதுபோல் கழுத்தைப் பார்த்தாள்.

யாமினி மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வந்தான். பூச்சரம் அவன் முகத்தை மறைத்திருந்தது.

பொறி காத்திருந்தது. நாதஸ்வரம் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இடது நாடி ஏறவில்லை. வலது நாடியும் ஏறவில்லை.

தாலி கட்டினான் என்றது பொறி. முற்றும் என்றது.

"யாருன்னு சொல்லவேயில்ல" என்றாள் தாரணி.

"இல்ல."

அடுத்த வாரம் தாரணி தனக்கென்று ஒரு ஜோடி வாங்கி வந்தாள். சுகன்யாவிடம் பழையது இருந்தது. விதி மாறவில்லை, ஒரு காது திறந்திருந்தது. கதவருகே சூப்பர்வைசர் கேட்டார், "என்னம்மா, கதையில என்ன விசேஷம்?"

"முதல் அத்தியாயங்க" என்றாள் சுகன்யா.

"எனக்கும்" என்றாள் தாரணி.

"அப்புறமென்ன, நூறு வயசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேசையில் சுகன்யாவின் மற்ற மணி அவள் பக்கம் கிடந்தது. தாரணியுடையது தாரணி பக்கம். காது கிடைக்காத மணி, நாடியைத் தேடிச் சின்னதாக ஒரு பச்சை விளக்கை மின்னவிடும். இரண்டும் மின்னிக்கொண்டிருந்தன. பனியன்கள் அவற்றின்மேல் வந்து விழுந்தன.