சிவப்பில் ஒரு பெயர்!

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே... இது உரக்கச் சொல்லும் கதை இல்லை. வயது வந்தவர்களுக்கான படம் எடுத்துப் பிழைக்கிறவர்களின் கதை. முகம் சுளிக்காமல் கேளுங்கள். நெஞ்சு படபடக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம்!

டிர்ர்ர்... டிர்ர்ர்...

வான் நைஸ் என்ற ஊர் கிளினிக்கில் டெலிபோன் அலறியது. நர்ஸ் கோரின் எடுத்தாள்.

"லேப்லேருந்து பேசறோம். ப்ராக்கோட ரத்தம்... சிஃபிலிஸ்!"

சிஃபிலிஸ் என்றால் உடலுறவில் தொற்றும் மேகநோய். வயிற்றில் வளரும் பிள்ளையைக்கூட விடாது!

ப்ராக், அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் எடுக்கிற இந்த மாதிரிப் படங்களில் பிரபலமான நடிகன். நடிப்பவர்கள் எல்லோரும் பதினான்கு நாளுக்கு ஒரு தடவை சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். சுத்தம் என்றால் கம்ப்யூட்டர் பட்டியலில் பெயர் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. என்ன நோய் என்பதைப் பட்டியல் சொல்லாது. ரத்தம் கொடுத்தவனிடம் மட்டும்தான் சொல்லலாம்.

கோரின் ப்ராக்கின் பெயரைச் சிவப்பாக்கினாள். அவன் நம்பரை அழுத்தினாள்.

ஸ்விட்ச் ஆஃப்!

"அய்யோ! இன்னிக்கு அவனுக்கு ஷூட்டிங்காச்சே!"

படப்பிடிப்பு வீட்டு வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். யாரும் திருட்டுத்தனமாகப் படம் எடுத்துவிடக் கூடாதே!

மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு கேமரா ஓடும். ப்ராக்குக்கு ஜோடி டெல்ஃபின். போன வாரம்தான் கோரினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இதுதான் சிஸ்டர் கடைசிப் படம். அடுத்த மாசம் குழந்தைக்காக ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறோம்!"

குழந்தை... சிஃபிலிஸ்...

கோரின் ஊசிப் பையையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாட்ஸ்வொர்த் மலையடிவாரம். நீச்சல் குளம் வைத்த வாடகை வீடு, டெல்ஃபின் சொல்லியிருந்த விலாசம். கோரின் உள்ளே பாய்ந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து!

விளக்குகள் எரிந்தன. டெல்ஃபின் பட்டு அங்கியில் நின்றாள். எதிரே ப்ராக். கேமராவுக்குப் பின்னால் அவனுடைய அண்ணன் வெர்ன். தயாரிப்பாளர், டைரக்டர், எல்லாமே அவன்தான். அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே செம்பட்டைத் தாடி.

"நிறுத்துங்க!"

"யாரும்மா உன்னை உள்ள விட்டது?" வெர்ன் சீறினான்.

"டெல்ஃபின், இன்னிக்கு நடிக்காதே!"

"ஏன் சிஸ்டர்? ப்ராக் பச்சைன்னு வெர்ன் பேப்பர் காமிச்சாரே..."

"பேப்பரா? பட்டியலை நீயே பார்க்கலையா?"

"இங்க நெட் வரலைன்னார்..."

கோரின் அந்தக் காகிதத்தைப் பிடுங்கினாள். பழைய ரிப்போர்ட். தேதி மட்டும் புதுசு!

"வெர்ன்! சிவப்புன்னு தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க!"

"சிவப்புன்னா உடனே செத்தா போயிடுவாங்க? உங்க கிளினிக்ல ஏதோ குளறுபடி. என் தம்பி கல்லு மாதிரி இருக்கான். நீ கிளம்பு!"

"சிஸ்டர், அவனுக்கு என்னதான் வியாதி?" டெல்ஃபின் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கோரின் உதட்டைக் கடித்தாள். சொல்லக் கூடாது! சட்டம் வாயைக் கட்டியிருந்தது.

"ப்ராக்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். நீ ட்ரெஸ்ஸை மாத்திக்கம்மா. என்னை நம்பு."

ப்ராக்கின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

"மனசைத் திடப்படுத்திக்கோ தம்பி. உனக்கு... சிஃபிலிஸ்."

ப்ராக் முகம் வெளுத்தது.

அடுத்த நொடி... சிரித்தான்!

"அப்பாடா! அது நான் இல்ல சிஸ்டர்!"

"என்ன உளர்றே?"

"ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும். அதான் எனக்குப் பதிலா வேற ஆளு வந்து ரத்தம் குடுக்குது. அடையாளத்துக்கு என் டிரைவிங் லைசென்ஸை எடுத்துட்டு வரும். அதே தாடி, அதே மூக்கு. உங்க ஆளுங்க நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க."

"எத்தனை நாளா?"

"பதினோரு மாசம்."

"அப்ப பதினோரு மாசமா உன் ரத்தத்தை யாருமே சோதிக்கலை! இத்தனை பேரோட நடிச்சிருக்கியேடா... உன்கிட்ட என்ன இருக்கு, என்ன இல்லைன்னு யாருக்குடா தெரியும்?"

ப்ராக்கின் சிரிப்பு அறுந்து விழுந்தது.

கதவு படாரென்று திறந்தது. வெர்ன்!

"முடிஞ்சுதா குசுகுசு? லைட்டு சூடாகுது! ஆள் மாறாட்டம்னு கண்டுபிடிச்சுதானே சிவப்பு போட்டீங்க? ஆமா, அவனுக்குப் பதிலா நான்தான் ரத்தம் குடுத்தேன்! என்ன பண்ணுவீங்க?"

கோரின் இரண்டு செம்பட்டைத் தாடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே..." ப்ராக் அண்ணன் பக்கம் திரும்பினான். "சிவப்பு அதுக்கில்லண்ணே. அந்த ரத்தத்துல சிஃபிலிஸ்."

"அதுக்கென்னடா? அது உன்..."

வெர்ன் பாதியில் நின்றான். வாய் திறந்தே இருந்தது.

"எனக்கா? நான் நடிக்கறதே இல்லயே! கேமராவுக்குப் பின்னாடி நிக்கறவன்!"

"கிருமி நடிப்பைப் பார்த்து வர்றதில்ல சார்." கோரின் பேனாவையும் தாளையும் நீட்டினாள். "கொஞ்ச மாசமா யார் யாரோட பழகினீங்க? பேர் எழுதுங்க. அவங்களையும் காப்பாத்தணும். பென்சிலின்ல குணமாயிடும். பொய்க்குத்தான் மருந்தில்ல. போலி ரிப்போர்ட்டை நான் அதிகாரிகளுக்கு அனுப்பறேன்."

வெர்ன் எழுத ஆரம்பித்தான். முதல் பெயர், அவன் மனைவி. இரண்டு... மூன்று... ஐந்து...

ஆறாவது பெயரில் வியர்த்தான்.

சமையலறை வாசலில் டெல்ஃபின், உடை மாற்றி, கைப்பையோடு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இன்னொரு தாள் வேணுமா வெர்ன்?" என்றாள்.

பிறகு கோரினை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அழுதாள். வெயிலில் இறங்கி நடந்தாள், வீட்டுக்கு.

"ப்ராக், இப்ப உன் முறை. கையை நீட்டு." கோரின் ஊசியைப் பிரித்தாள்.

தொப்!

கல்லு மாதிரி இருந்த தம்பி தரையில் கிடந்தான்.

என் செல்லங்களா, உங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாமல், பிள்ளைகுட்டிகளோடு நூறு வருஷம் நன்றாக இருங்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருங்கள்...

ஆனால் ரத்தத்தை மட்டும் அவரவரே கொடுங்கள்!